கயிற்றின் மேல்முனை

தைசியாவுக்கு நீந்தத் தெரியாது. வெள்ளைக் கடலோரத்தில் பிறந்தவள்தான்; ஆனாலும் குளிர்காலத்தில் உறைந்துபோன அந்தக் கடலின்மேல் நடப்பதோடு சரி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் மீன் சூப் காய்ச்சுவது அவள் வேலை. மார்ச் வந்தால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். கணவன் யெலிசேய் பனியில் வெட்டிய ஓட்டை வழியாகக் கடலுக்குள் இறங்கிக் கடல்நாய்களைப் படமெடுப்பான். அவன் இடுப்புக் கயிற்றின் மேல்முனை அவள் மணிக்கட்டில் இருக்கும். அந்த ஊரில் கயிற்றை முளையில் கட்டமாட்டார்கள். கீழே நடப்பது முளைக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

கயிறு பிடித்தவளிடம் யாரும் பேசக் கூடாது என்பதும் வழக்கம். கொழுந்தன் நிக்காந்தருக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, டீ ஆறிப்போகுது. அண்ணன் என்ன ஓடியா போயிடுவாரு?"

"வாயை மூடு."

அன்று அவளுக்கு ஏற்கெனவே எரிச்சல். மாற்றுவழியாக வெட்டிவைத்த இரண்டாம் ஓட்டையை நகர்ந்துவந்த பனி அடைத்திருந்தது. புதிதாக வெட்டலாம் என்றாள். "ஒரே ஒரு தடவை" என்று யெலிசேய் இறங்கிவிட்டான். போதாததற்கு, தாய் அடிக்கடி வரட்டும், நல்ல படம் கிடைக்கும் என்று வெள்ளைக் கடல்நாய்க் குட்டி ஒன்றைச் சறுக்குவண்டியில் இழுத்துவந்து ஓட்டையோரம் போட்டிருந்தான். படப் பைத்தியம் தலைக்கேறினால் அவனுக்குக் கண்மண் தெரியாது.

தாய்க் கடல்நாய் வந்தது. வந்தது போகவில்லை. ஓட்டை முழுவதையும் உடம்பால் அடைத்துக்கொண்டு, குட்டிக்குப் பக்கத்தில் நின்ற தைசியாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

அப்போது அதைச் சுற்றித் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழிகள் பொங்கின. மூச்சுக் கருவியின் வாய் உறைந்துவிட்டது என்று பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. உறைந்தால் அது மூடாது. அவன் முதுகில் கட்டிய உருளையில் உள்ள காற்றெல்லாம் கொட்டித் தீர்ந்துவிடும். மணிக்கட்டில் படபடவென்று இழுப்பு. தூக்கு, தூக்கு என்கிறான்.

நிக்காந்தர் கொக்கிக் கழியை ஓங்கினான்.

"அடிக்காதே! அடிச்சா கீழேதான் பாயும். அங்க அவரு இருக்காரு!"

"அப்போ இழு அண்ணி!"

"எங்க இழுக்கிறது? அது வாய்க்கா?"

கயிற்றை இரண்டு முறை சுண்டினாள். நில் என்று அர்த்தம். மூச்சுக்குத் தவிப்பவனை நில் என்றாள். மறுபடி படபடவென்று இழுத்தான். மறுபடியும் நில் என்றாள்.

"குட்டியைத் தூக்கிட்டு ஓடு. அது கண்ணுல படற மாதிரி ஓடு!"

"என்னைக் கடிச்சா?"

"கடிக்கட்டும், ஓடுடா!"

நிக்காந்தர் குட்டியை அணைத்துக்கொண்டு ஓடினான். குட்டி வீறிட்டது. தாய் எம்பிப் பனிமேல் ஏறி, கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு அவனைத் துரத்தியது.

கயிற்றில் இப்போது அசைவே இல்லை. தைசியா குதிகாலை ஊன்றி, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். கல்லை இழுப்பதுபோல் இருந்தது. கடைசியில் ஒரு கறுப்புத் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. முகமூடியைப் பிய்த்தெறிந்து, தொண்டை கிழியும்படி மூச்சை இழுத்தான் யெலிசேய்.

அவள் அவனைப் பனிமேல் இழுத்துப்போட்டாள்.

"நில்லுன்னியே," என்றான். "கீழே நான் செத்துட்டிருக்கேன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"உன்னை என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

"திட்டறதுக்கு மூச்சு மிச்சம் இருந்துச்சுல்ல," என்றாள். சொல்லிமுடிப்பதற்குள் பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யெலிசேய் தவழ்ந்து வந்து அவள் மணிக்கட்டு முடிச்சை அவிழ்க்கப் போனான்.

"தொடாதீங்க," என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."