ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு ஞானஸ்நானத்துக்கு

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு மிஞ்சிய திறமை ஒன்றுதான்: எந்தக் காரியத்துக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஓர் ஒன்பதாம் மாடியில் நின்றபடி அதை முழுவதும் செலவழித்துவிட்டேன். லிஃப்ட் வரவில்லை. வீடு மாறும் யாரோ லிஃப்ட் கதவிடுக்கில் ஒரு ஃபிரிட்ஜைச் செருகிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு அந்த ஒரு லிஃப்ட்தான்.

என் அருகே, சக்கர நாற்காலியில், கோட்டும் டையுமாக எங்கள் சபையின் முன்னாள் பாடகர் குழுத் தலைவர். லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் தேவாலயத்தில் அன்று அவருடைய ஒரே பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தை தன் மடியில் இருக்கும்போதுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று போதகரிடம் வாக்கு வாங்கியிருந்தார். நான் அழைத்த எண்ணில், பழுது பார்ப்பவர் வர ஒரு மணி நேரமாகும் என்று சொல்லி, எனக்கு ஒரு புகார் எண்ணும் கொடுத்தார்கள். அதைப் பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"அதைத் தண்ணில கரைச்சுக் குடிக்கலாமா?" என்றார்.

முறைப்படி சபையின் வாட்ஸப் குழுவில் தாமதத்தைத் தெரிவித்தேன். கைகூப்பிய படங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தன. கூடவே படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தமும் வந்தது.

கீழே சபைப் பேருந்துக்குக் காத்திருந்த மூன்று பேர். முதலில் வந்தவர் எங்கள் பொருளாளர். சபைக்கு டிரம்ஸ் வாங்கியவர் அவர். அதை எதிர்த்துப் பாடகர் குழுவை விட்டு விலகியவர் நாற்காலியில் இருந்த இவர். ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் இருவரும் சபை முழுவதற்கும் கை கொடுப்பார்கள், ஒருவருக்கொருவர் மட்டும் மாட்டார்கள். ஒருவரையொருவர் நேசிப்பதே நம் அடையாளம் என்ற பிரசங்கத்தை ஒரே வரிசையின் இரு ஓரங்களிலிருந்து கேட்டவர்கள்.

பொருளாளர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். "அண்ணே, பிரேக்கை விடுங்க."

"கீழ போட்டுட மாட்டியே?"

"போட்டா டிரம்ஸ் அடிச்சே அடக்கம் பண்றோம்."

சக்கர நாற்காலியைப் படியில் இறக்கும் முறை எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாடியையும் எம்ஆர்டி ரயில் அறிவிப்பு போலச் சொல்லிக்கொண்டு முன்னால் ஓடினேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்த்தால் நான்தான் தூக்கினேன் என்று நினைப்பீர்கள். ஐந்தாம் மாடியில், துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி வியந்து நின்றார்.

"அண்ணன் தம்பிங்களா?"

"இல்லக்கா, ஒரே சர்ச்," என்றார் பொருளாளர்.

"என் கூடப்பிறந்தவங்க இப்படித் தூக்க மாட்டாங்க லா," என்றவர், கணவரையும் ஒரு மூலை பிடிக்க அனுப்பிவைத்தார்.

மூன்றாம் மாடியை எட்டியபோது லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே பழுது பார்ப்பவர், வெற்றிப் புன்னகையோடு. நாங்கள் நின்றோம். பெரியவர் லிஃப்டைப் பார்த்தார். பிறகு பொருளாளரின் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சந்தானே. இவனே கொண்டுபோகட்டும்."

தேவாலயத்துக்குள் நுழையும்போதும் முதல் பாட்டு முடியவில்லை. எங்களுக்காகத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள், டிரம்ஸோடுதான். தாத்தாவின் மடியில் தண்ணீர் பட்டதும் குழந்தை போட்ட கூச்சலில் டிரம்ஸ் தோற்றது.

சமாதான நேரத்தில் பொருளாளர், தூக்கிய களைப்பில், இரு கைகளையும் நீவிக்கொண்டிருந்தார். அவர் நீட்டவில்லை. பெரியவர்தான் எட்டி ஒன்றைப் பிடித்தார். அடுத்த பாட்டு தொடங்கியும் விடவில்லை.