இடது பட்டனில் ஒரு தீக்குச்சி

இதில் ஒரு வரி கூட இட்டுக்கட்டியது இல்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் போய்ச் செங்கல்வராயனையே கேட்கலாம். பகலில் கேளுங்கள். விளக்கு வைத்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

1988, மார்ச் நாலாம் தேதி. பாதுகாப்பு தினம். அம்பத்தூர் எஸ்டேட்டில், தகரத்தை அச்சில் வைத்து அடித்து ஸ்கூட்டர் பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. இரண்டாம் ஷிப்ட்டுக்கு வந்த செங்கல்வராயனையும் மற்றவர்களையும் வரிசையாக நிறுத்திச் சட்டையில் பச்சை பேட்ஜ் குத்தினார்கள். "விபத்தில்லாமல் வேலை செய்வேன்" என்று கையை நீட்டி உறுதிமொழி வேறு. மேஸ்திரி பரந்தாமன் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். அந்த லட்டு வாயில் கரைவதற்குள் எல்லோரும் மிஷினுக்குப் போய் இடது பட்டனில் தீக்குச்சியைச் செருகினார்கள்.

அந்தக் கண்றாவியைச் சொல்லியாக வேண்டும். பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் கனத்த இரும்பு இறங்கும். கைகள் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் மாட்டாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இடது பட்டனை அழுத்தி ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகிவிட்டால் அது அழுந்தியே கிடக்கும். வலது கை பட்டனைத் தட்ட, இடது கை தகரத்தை வைத்து எடுக்க, வேலை பறக்கும். செங்கல்வராயன் சேர்ந்த முதல் நாளே பக்கத்து மிஷின் கோவிந்தன் இதைக் கற்றுக்கொடுத்துவிட்டான். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

அன்றைக்குச் செங்கல்வராயனுக்கு அவசரம் வேறு. வீட்டில் நாகவல்லிக்கு நிறைமாதம். கொடுத்த வேலையை முடித்தால் சீக்கிரம் விடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார்.

சாயங்காலம் ஆறே கால். அவனுடைய நாலாம் நம்பர் பிரஸ் திடீரென்று நின்றது.

பார்த்தான். தீக்குச்சி மேஜை மேல் கிடந்தது. நழுவியிருக்கும் என்று மறுபடி செருகினான்.

கொஞ்ச நேரம்தான் ஓடியது... டக். நின்றுவிட்டது.

இந்த முறை குச்சி இரண்டாக ஒடிந்திருந்தது. இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில், எடுத்து வைத்த மாதிரி.

"இன்னா மாமே, வெள்ளாட்றியா?"

"யாரு, நானா? எடத்த வுட்டே நவுரல நான்."

சொன்ன கோவிந்தன் அந்தத் துண்டுகளைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா மாமே?"

"ஒண்ணுமில்ல. வேலயப் பாரு."

செங்கல்வராயனுக்கு வீம்பு வந்துவிட்டது. இரண்டு குச்சியைச் சேர்த்துச் செருகி, ஸ்பேனரால் தட்டி இறுக்கினான்.

இடது கை தகரத்தோடு அச்சுக்குள் போனது.

மணிக்கட்டில் சில்லென்று ஏதோ பட்டது.

எண்ணெய் என்று நினைத்தான்... எண்ணெய் பிடிக்காது. இது பிடித்தது.

இழுத்தது. தோள் கழன்றுவிடும் போல் இழுத்தது. மல்லாக்க விழுந்தான்.

தடால்!

இரும்பு இறங்கியது. பட்டனை அவன் தொடவே இல்லை.

தானாக இறங்கி... தானாக மேலே போனது.

அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

மணிக்கட்டைப் பார்த்தான். கறுப்பு கிரீஸில் விரல் தடம். மூன்றே மூன்று. கட்டைவிரல் இல்லை. உள்ளங்கை இல்லை...

அலறிக்கொண்டு வெளியே ஓடினான்.

கோவிந்தன் பின்னாலேயே கேட்டுக்கு ஓடி வந்தான். தடத்தைக் கண்டதும் அப்படியே குந்திவிட்டான்.

"ரெண்டு வர்சம் மின்னாடி அந்த மிஷின்ல வேம்புலி அண்ணாத்தேக்கு மூணு வெரல் பூட்ச்சு. வெளிய சொன்னா வேல பூடும்னாரு மேஸ்திரி. அரை மணில கழுவி வுட்டு ஓட்னாங்கோ. வெரல யாரும் தேடக்கூட இல்ல..."

"குச்சி சொருவ மட்டும் சொல்லிக் குட்த்தியே. இத்த ஏன் சொல்லல?"

செங்கல்வராயனுக்குப் பயத்தை விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அத்தனை பேரும் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு, தினம் தினம் அவன் கை உள்ளே போவதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அந்த நாலாம் நம்பர் பக்கம் இனி தலை வைத்துப் படுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

மறுநாள் காலை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திருநின்றவூருக்கு ரயில் ஏறினான். வேம்புலி அங்கே ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். செங்கல்வராயன் ஒன்று விடாமல் சொன்னான்.

"ஒங்க வெரலுதான் அண்ணாத்தே என் கைய காப்பாத்திச்சு."

வேம்புலி அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்துல்ல, நைனா."

"பின்ன யார்து?"

"தெரியல. அன்னிக்கி என்னையும் புட்ச்சி இஸ்துச்சு. இதே மாரி, மூணு வெரலு. அப்போ எனக்கு அஞ்சும் கையிலதான் இருந்துச்சு."

கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் ஒதறிட்டேன்."