பக்க வெளிச்சம்

படம் பிடிப்பதில் வெளிச்சத்தின் பங்கு பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மரியாதைக் குறைவுதான். ஆனால் அந்த வித்தையை நான் கற்ற விதம் அப்படி. நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அப்போது எனக்கு முப்பது வயதிருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், ரகம் பிரிக்கும் வேலை. பதனிட்டு வந்த ஆட்டுத்தோலை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்ந்து விழும்படி சாய்த்துப் பார்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் எந்தத் தோலும் யோக்கியமாகத்தான் தெரியும். சாய்த்தால்தான் முள் கீறியது, உண்ணி கடித்தது, அம்மை வடு எல்லாம் எழுந்து நிற்கும். பார்த்த கையோடு "முதல் ரகம்", "மூணாம் ரகம்", "கழிவு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவர் அந்தந்த அடுக்கில் போடுவார். கண் பார்த்ததை வாய் சொல்லிவிடும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. அதற்குள் பத்து வருஷம் இப்படியே போயிருந்தது. அந்த வட்டாரத்தில் என் கண்ணுக்கு நல்ல மதிப்பு. அந்த மதிப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை.

ஒரு கோடையில் கப்பல் சரக்கு நின்றுபோய் ஷாப்பில் வேலை கம்மியானது. அந்தச் சமயம் பார்த்து மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி பாலாற்று மணலுக்கு வந்து இறங்கியது. பேசாத படம். விளக்கெல்லாம் கிடையாது, சூரியன்தான். ஜிகினாத் தாள் ஒட்டிய பெரிய பலகையில் வெயிலை வாங்கி, நடிப்பவர் முகத்தில் திருப்பிவிட ஆட்கள் வேண்டும் என்றார்கள். நான் போய் நின்றேன்.

கேமராக்காரர் என்னைவிடச் சின்னவர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சூரியன் நடிப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், பலகை முன்னால். தாழப் பிடித்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறி, லட்சணமான முகமும் பேய் முகமாகிவிடும். எடுத்த எடுப்பில் கண்ணில் அடித்தால் கண்ணீர் வரும். முதலில் கழுத்தில் விட்டு மெல்ல ஏற்ற வேண்டும். காற்றில் பலகை ஆடினால் முகமே ஆடும். இரண்டே நாளில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. "உங்களுக்கு வெளிச்சம் தெரியுதுங்க" என்று அவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஷாப்பு ஆட்களின் காதில் அது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அற்பத்தனம்தான்.

மூன்றாம் நாள் கதாநாயகியின் முகத்தை மட்டும் கிட்டத்தில் பிடிப்பதாக இருந்தது. நாடகத்திலிருந்து வந்தவர், இதுதான் முதல் படம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இது மட்டும் நல்லபடியாக அமைந்துவிட்டால், நாடகக் கொட்டகை கொட்டகையாக அலையும் பிழைப்பிலிருந்து தானும் தாயாரும் தப்பிவிடலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

கேமராக்காரர், பலகையைக் கதாநாயகியின் முகத்துக்கு நேராக உயரத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, பிலிம் மாற்றக் கூடாரத்துக்குள் போனார். யாரோ கூப்பிட அந்தப் பெண் தலையைத் திருப்பினார். என் கை தானாகவே பலகையைப் பக்கவாட்டில் தாழ்த்திச் சாய்த்தது. பூச்சுக்கு அடியில், காதோரத்திலிருந்து தாடை வரை, அம்மை வடுக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

"மூணாம் ரகம்" என்றேன். உரக்க.

ஷாப்பு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். டைரக்டர் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க, ஒருவர் விளக்கியே சொல்லிவிட்டார். டைரக்டர் நாடக முதலாளியாக இருந்து படத்துக்கு வந்தவர். வெளிச்சம் பற்றி என்னைவிடக் கம்மியாகத்தான் தெரியும். நேரே என்னிடம் வந்து, "எங்கே, மறுபடி காட்டு" என்றார்.

அதுவரை நடந்ததை வாய்ப் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் மனைவியிடம் இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அடுத்ததற்கு எந்தச் சாக்கும் இல்லை. பலகையை நேராகப் பிடித்து, ஏதோ உளறிவிட்டேன் என்றிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையைவிட இரண்டு விரல்கடை தாழ்த்தி, இன்னும் துல்லியமாகச் சாய்த்தேன். ஒரு வடுகூடத் தப்பவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான்தான் அவர் கண்ணைப் பார்க்காமல் கன்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். முதல் இரண்டு நாள் பிடித்ததெல்லாம் தூரத்துக் காட்சிகள், ஆளை மாற்றினாலும் தெரியாது. தோழி வேஷத்துக்கு வந்தவர் இனிக் கதாநாயகி. இவர் மத்தியான ரயிலுக்குக் கிளம்பலாம். கேமராக்காரர் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டைரக்டர் சொன்னதை மீறி அவர் வாயெடுக்கவில்லை.

வேஷத்தைக் கலைத்துவிட்டு, துணி மூட்டையோடு அந்தப் பெண் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நேரா பிடிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்குமா அண்ணே?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"படம் முழுக்கவா?"

"முழுக்கவே தெரியாது."

டைரக்டர் பத்தடி தள்ளிக் குடை நிழலில் நின்றிருந்தார். அதை அவரிடமும் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்வேனா என்று சற்று நேரம் நின்று பார்த்தார். நான் பலகையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் குரல் கொடுத்ததும் போய்விட்டார்.

புதிய கதாநாயகியைக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். பலகையோடு கிட்டத்தில் போனபோதுதான் கவனித்தேன். அவர் கன்னத்திலும் அம்மை வடு இருந்தது, முன்னவருடையதைவிட ஆழமாக. பலகையை முகத்துக்கு நேராக, உயரத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேமராக்காரர், அப்படியே இருங்கள், அருமையாக இருக்கிறது என்றார். டைரக்டரும் என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். வெயில் சாயும்வரை அந்தப் பலகையை நான் இம்மியும் தாழ்த்தவில்லை.