வெங்காயச் சாக்கு

நேற்று வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். அக்கா ஊரில், பரளச்சியில் இருந்தாள். அடுப்படியில் கேஸ் வாடை. டியூப்பில் சோப்பு நுரை தடவியும் கசிவு தெரியவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன்.

“வெங்காயத்தக் கிளறிப் பாருடா” என்றாள் உடனே. கூடையின் அடியில் இரண்டு அழுகி, அதே கேஸ் வாடை அடித்தன.

சிறுவயதில், வீட்டுக்குக் கேஸ் வந்த மாதமும் இதே வாடைதான். “வெடிச்சா இருக்க ஒத்தப் பயலும் போயிருவானே” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுத அம்மா, அடுப்பை விற்றாள். விறகு வெட்ட அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினாள். வாடை மட்டும் போகவில்லை. விதைக்கு வைத்திருந்த வெங்காயச் சாக்கு அழுகிக் கிடந்ததை அக்காதான் கண்டுபிடித்தாள்.

“அப்ப நான் பள்ளிக்கூடம் போகவாம்மா?”

“விறகுக்கு யாருடி போவா?”

அக்கா வெட்டிய விறகில் வெந்த சோற்றைத் தின்றுதான் நான் காலேஜ் முடித்தேன். அடுப்பு போன விலை நானூறு ரூபாய்.