மணி கட்டிய கிடா

எங்கள் பண்ணை விற்பனைக்கு வந்திருக்கிறது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் திருத்தங்கல் உரக்கடைக்காரர். யூரியா வாங்கப் போனவளிடம், “என்னக்கா, நிலத்தக் குடுக்கப் போறீகளாமே?” என்று கேட்டுக் கைபேசியை நீட்டினார். என் பருத்திக்காடு, மக்காச்சோளம், ஓடைக்கரை, கிடையில் அடைந்து கிடந்த செம்மறிகள் எல்லாம் வரிசையாகப் படத்தில் இருந்தன. கீழே எழுதியிருந்தது: ‘பெரிய கரிசல் பண்ணை. இரண்டு கிணறு. ஆடுகளோடு சேர்த்து. ஆள் வசதி உண்டு.’

அந்த ஆள் யார்? நானும் எங்கள் ஆட்டுக்காரரும்தான். கிணறு, ஆடு வரிசையில் எங்களையும் சேர்த்துவிட்டார் என் அண்ணன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணனுக்குச் சிவகாசியில் அச்சகம். காலண்டர் ஆர்டர் குறைந்துபோனதால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பங்கு சேர ஆசைப்பட்டார். அப்பா போன பிறகு அவர் பண்ணைக்கு வருவது பொங்கலுக்குத்தான். புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்ததிலிருந்து உழுது விதைத்துக் காவல் காத்தது நான். போனில் பிடித்துக் கத்தினேன். “சும்மா கெடக்குற நெலம்தானத்தா” என்றார். சும்மாவாம்! கதிர் அறுத்ததும் மிஞ்சி நிற்கிற சோளத்தட்டைக்குள் ஆட்டை விடுவோம். பகலெல்லாம் மேய்ந்தது இரவு அங்கேயே அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கியதும் கிடையை அடுத்த துண்டுக்கு மாற்றுவோம். மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும் வராத பச்சை அதில் வரும். ஒருநாள்கூட அந்த நிலம் சும்மா கிடந்ததில்லை.

செம்மறி தானாக வழி பார்த்துப் போகாது. முன்னால் ஒன்று போனால்தான் பின்னால் போகும். அதற்காகவே காயடித்த வெள்ளாட்டுக் கிடா ஒன்றை மணி கட்டி வளர்த்தோம். ஓடையில் தண்ணீர் ஓடினாலும் அது இறங்கினால் மொத்தக் கூட்டமும் இறங்கும். அந்தக் கிடாவை யாரும் விற்கமாட்டார்கள், அறுக்கவும் மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

அண்ணனுக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர் பண்ணையைப் பார்க்க வந்த அன்று நான் பருத்தி எடுக்க ஆள் கூட்டிவர ஆனைக்குட்டம் போயிருந்தேன். ஆட்டுக்காரர் சாத்தூரில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தார். வந்தவருக்குக் கிடா விருந்து போடாவிட்டால் கௌரவம் என்ன ஆவது? அண்ணன் சமையல்காரரிடம், “இருக்கிறதுல பெருசாப் பாத்துப் பிடிங்க” என்று சொல்லியிருக்கிறார். அவரும் பிடித்துவிட்டார்.

நான் திரும்பியபோது வேப்பமரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணி மட்டும் மோட்டார் ரூம் சுவரில் தொங்கியது, அலசி மாட்டியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று கிணற்றடிக்குப் போய் நின்றேன். “நீயும் ரெண்டு வாய் சாப்பிடுத்தா, கறி பூவா இருக்கு” என்று அண்ணன் கூப்பிட்டார். கைகழுவத் தண்ணீர் இருந்த வாளியை எட்டி உதைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் ஆடு மேய்ச்சலுக்குப் போவதை வந்தவருக்குக் காட்டவேண்டும் என்றார் அண்ணன். கிடைவலையைத் திறந்தார்கள். ஒரு ஆடும் வெளியே வரவில்லை. அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துண்டை வீசினார், விசிலடித்தார், “ஏய், போ, போ” என்று கத்தினார். அவை ஒன்றின் வயிற்றில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு இன்னும் நெருங்கி நின்றன.

“ஏன் நகர மாட்டேங்குது?” என்று வந்தவர் கேட்டார்.

“முன்னால நடக்கிறதத்தான் இப்பச் சாப்பிட்டு ஏப்பம் விட்டீக” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் என்னை முறைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஆடுகள் பட்டினி. மணியை எடுத்து வந்து ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். முதலில் ஒரு கிழட்டு ஆடு வந்தது. பிறகு எல்லாம் வந்தன. தட்டைக்காட்டுக்குள் அவற்றைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பிப் பார்த்தால், அண்ணன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார். “இன்னொருக்கா அப்பிடியே நடத்தா, வீடியோ நல்லா வருது. வெளம்பரத்துல சேத்துருவோம்.”

எனக்கு அழுகைகூட வரவில்லை. மணியின் நாக்கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, ஆள் வசதி உண்டுன்னு போட்டிருக்கீகள்ல, மொதல்ல அத அழிங்க. நான் வெலைக்கு இல்ல. அப்பா சொத்துல எனக்கும் பாதி. பத்திரத்துல கையெழுத்துப் போட நான் வரமாட்டேன்.”

வந்தவர் காரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அண்ணன் வீடியோவை இன்னும் நிறுத்தவில்லை.