கடவுளை ‘நீங்க’ என்றவள்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஆவி என்று பெயர். படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் விட்டுத் தேய்த்தெடுப்பது அவள் வேலை. பெயருக்கு அது ஒரு காரணம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்பது இன்னொரு காரணம். வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் எல்லோருக்கும் மரியாதைதான். மேலாளரும் நீங்க, குப்பை அள்ளுகிறவரும் நீங்க. ஒரே வீட்டில் இருக்கும் தம்பி மனைவியைக்கூட வாங்க, போங்க என்பாள். அந்தப் பெண் அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைத் தள்ளி வைப்பதாகவே நினைத்தாள். அவள் நினைத்ததில் தப்பும் இல்லை.

ஆவி ‘நீ’ என்று பேசியது இரண்டு பேரிடம் மட்டும். ஒருவன் அவள் தூக்கி வளர்த்த தம்பி. இன்னொருவன் கடவுள். விரிப்பு ஒவ்வொன்றாக வெளியே வரும்போது அவள் உதடு அசையும். “இதைப் பாரு, மூலை கிழிஞ்சிருக்கு. என் தலையில கட்டப் போறாங்க. நீ பார்த்துக்கோ.” அவ்வளவுதான் பிரார்த்தனை.

தம்பி வெளிநாட்டில் ஒரு துறைமுகத்தில் லாரி ஓட்டினான். அந்த நாட்டில் சண்டை மூண்டது. முதல் நாள் போன் செய்து, “ஒண்ணும் இல்லக்கா, எங்கேயோ தூரத்துலதான் சத்தம்” என்றான். மறுநாள் துறைமுகத்தின் மேலேயே குண்டு விழுந்தது. அதற்கப்புறம் அவன் போன் அணைந்தே கிடந்தது.

அன்றைக்குத்தான் கடவுள் ‘நீங்க’ ஆனார்.

“நீங்க பெரியவங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஒரு லாரிக்காரன் எங்க உங்க கண்ணுல படப் போறான்?”

உயிருக்கு உயிரான தோழி மனத்தாங்கலில் ஒருநாள் திடீரென்று ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்பாளே, அந்த நீங்க.

சலவைக்கூடத்தில் சாப்பிடும் இடத்தில் ஒரு டிவி உண்டு. விரிப்பு மடிக்கிறவள் அதற்கு நேர் எதிரே உட்காருவாள். “மறுபடியும் போட்டுட்டான்க்கா. கட்டிடமே எரியுது பாருங்க. உங்க தம்பி இருக்கற ஊருதானே?” என்பாள், மென்றுகொண்டே. ஒருநாள் ஆவி எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

“ஏங்க்கா, நாங்க பார்த்துட்டிருக்கோம்ல?”

“நல்லா பாருங்க. எனக்கு எதுக்குச் சொல்றீங்க? நான் கேட்டேனா?”

வீட்டிலும் நிம்மதி இல்லை. தம்பி மனைவி செய்தியைப் போனில் அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆவி கண்ணை மூடினாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கும்பிடறதை நிறுத்துங்க அண்ணி. பார்க்கவே எரிச்சலா இருக்கு. அங்க இருக்கறவங்களும்தான் கும்பிட்டாங்க. குண்டு விழலையா?”

ஆவி அந்தக் கேள்வியை அப்படியே மேலே தள்ளிவிட்டாள். “கேட்டீங்களா? நான் என்னன்னு சொல்றது? நீங்களே சொல்லுங்க.”

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது தம்பி மனைவி பையைக் கட்டி வைத்திருந்தாள்.

“எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இங்க இருக்க முடியாது. நீங்கதானே நல்ல வேலை, போடான்னு அனுப்பி வெச்சீங்க?”

“ஆமா. நான்தான் அனுப்பினேன்.”

“அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா…”

“வாயை மூடுடி!”

அந்தக் குரல் யாருடையது என்று ஆவிக்கே தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. “எங்கடி போற நீ? வீட்டுக்கு வந்தான்னா முதல்ல யாரைத் தேடுவான்? என்னையா? கூறுகெட்டவளே!”

தம்பி மனைவி பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவே, “இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவையாவது ‘டி’ போட்டுக் கூப்பிட்டிருக்கீங்களா?” என்றாள்.

“இப்பக் கூப்பிட்டேன்ல? அழு. அழுதுட்டு எழுந்திரு.”

ஆவி சமையலறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். குழாயை மூடாமலே பேசினாள். “பார்த்தியா? இவளையும் அழ வெச்சுட்ட. நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது. அவன் எங்க இருந்தாலும் அவன் பக்கத்துல இரு. நான் இவளைப் பார்த்துக்கறேன்.” சொல்லி முடித்த பிறகுதான் ‘நீ’ என்று பேசியது உறைத்தது. காதுவரை ஏறி நின்ற தோள்கள் இரண்டும் தாமாக இறங்கின. பயம் போய்விடவில்லை. ஆனால் அத்தனை பயத்தையும் தான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றவில்லை.

“அங்க யார்கிட்ட பேசறீங்க?”

“உனக்கு எரிச்சலா வருமே, அவன்கிட்டதான்.”

“என்ன சொல்றாராம்?”

“ஒண்ணும் சொல்லல. என்னைக்குச் சொல்லியிருக்கான்?”

“அப்புறம் எதுக்கு இந்தப் பேச்சு?”

“இல்லாதவன்கிட்ட இத்தனை நாள் சண்டை போட எனக்கென்ன பைத்தியமா?”

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் கொண்டவள்போலப் பையைத் திறந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷை மட்டும் வெளியே எடுத்தாள். போனில் செய்தியை அணைத்தாள்.

“நான் கும்பிட மாட்டேன், சொல்லிட்டேன்.”

“யாரு உன்னைக் கூப்பிட்டா?”

“நீங்க கும்பிடுங்க. ஆனா சத்தமா சொல்லுங்க. அவரைப் பத்தி என்ன சொல்றீங்கன்னு எனக்கும் கேட்கணும்.”

ஆவிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இன்னொரு ஆளை வைத்துக்கொண்டு அவள் கடவுளிடம் பேசியதே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டையைச் செருமி, “இந்தாப்பா, கேளு” என்று ஆரம்பித்தாள்.