காய்ச்சின எண்ணெய்

குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் பிள்ளைகள் பால் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு இருந்த வேலை காய்ச்சுவது. பால், தண்ணீர், புட்டி, கரண்டி எல்லாம் அவள் அடுப்பைத் தாண்டித்தான் பிள்ளைகளிடம் போகும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அந்த அடுப்படிதான் அவள் உலகம். பச்சைத் தண்ணீர் என்றால் பயம், காய்ச்சினது என்றால் நிம்மதி. அவளுக்குத் தெரிந்த மருத்துவம் அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். போகிற போக்கில் சட்டென்று நிறுத்துவார் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் பிரேக்கு. கால் ஒடிந்து வீட்டோடு கிடந்த பிறகு பேச்சுக்கும் பிரேக் விழுந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டால் முறைப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் உடைந்த கட்டில் பலகையை அறுத்து, மொட்டைமாடிக் குருவிகளுக்குக் கூரை வைத்த தீனித்தட்டு ஒன்று செய்ய உட்கார்ந்தார். வேலைக்கு நடுவே விசிலடித்தார். பால் அக்கா பாத்திரச் சத்தம் வராமல் நின்று கேட்டாள்.

வார்னிஷ் நாற்றம் குருவிக்கு ஆகாது, மரத்தில் பூச ஆளிவிதை எண்ணெய் வாங்கி வா என்று அனுப்பினார். பெயின்ட் கடையில் அவள், வெளியில் வைக்கிற மரத்துக்கு என்று மட்டும் சொன்னாள். குருவிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவிட்டால்? பச்சையா, காய்ச்சினதா என்று கேட்டார் கடைக்காரர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காய்ச்சினதை வாங்கி வந்தாள்.

பூசியது நன்றாகவே காய்ந்தது. கூரைக்கு இன்னொரு கை பூசலாமென்று மறுபடி கடைக்குப் போனபோது கல்லாவில் கடைக்காரரின் மருமகள் இருந்தாள். அவள் எதுக்குக்கா என்று இதமாகக் கேட்கவும் குருவிக் கதை தானாக வெளியே வந்துவிட்டது. டப்பாவை எடுக்கப்போன மருமகளின் கை அப்படியே நின்றது.

"காய்ச்சினதுன்னா அடுப்புல வச்சதுன்னு நினைச்சீங்களாக்கா? பேருதான் அப்படி. சீக்கிரம் காயறதுக்கு உலோக மருந்து கலந்திருப்பாங்க. கூரைக்குன்னா போகட்டும், கொத்தித் தின்னுற இடத்துல வேண்டாம். பச்சை எண்ணெய்தான் சரி, அது காய வாரக்கணக்காகும்."

இன்றைக்குத் தானியம் போடலாம் என்று காலையில் வீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் பால் அக்காவுக்கு உறைத்தது. வெறுங்கையோடு ஓடினாள். படியேறும்போதே குருவிச் சத்தம் கேட்டது.

ஊன்றுகோலில் சாய்ந்தபடி அவர் தட்டில் தானியம் கொட்டி முடித்திருந்தார். கொடிக்கயிற்றில் வரிசையாகக் குருவிகள். ஒன்று துணிந்து தட்டின் விளிம்புக்கு வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவள் பாய்ந்து உள்ளங்கையால் தானியத்தை மூடினாள். கொடி காலியானது.

"பைத்தியமா உனக்கு?"

"எண்ணெய் தப்புங்க. நான் தப்பா வாங்கிட்டேன்." மருமகள் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள்.

அவர் முகம் கதவு சாத்தியதுபோல் ஆனது. தான் தொட்டது எதுவும் உருப்படாது, தூக்கி அடுப்பில் போடு என்று திரும்பினார். வழக்கமாக இந்த இடத்தில் அவள் உள்ளே போய்விடுவாள். போனால் நாளைக்கு விசில் கிடையாது. கையைத் தட்டிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

"கூரை இருக்கட்டும். தட்டை மட்டும் மாத்துங்க. அதுக்கு ஒண்ணும் பூச வேண்டாம்."

"பூசாத பலகை மழையில இத்துப்போகும்."

"இத்துப்போனா இன்னொண்ணு அறுங்க."

"வேலைக்குப் போகாம பலகை அறுத்துக்கிட்டே கிடக்கச் சொல்றியா?"

வசவா, கிண்டலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவரோ பின்னால் பார்க்காமலே கையை நீட்டினார். சற்றுப் பொறுத்துத்தான் தட்டைக் கழற்றத் திருப்புளி கேட்கிறார் என்று புரிந்தது.

தானியத்தைக் குப்பையில் கொட்டினாள். கட்டிலில் மிச்சமிருந்த பலகையைக் கொண்டுவந்து குந்தி உட்கார்ந்தாள்.

"ஆடாம பிடி" என்றார்.

அவள் முழுப் பலத்தோடு பிடித்துக்கொண்டாள். ரம்பம் இறங்கியது. குருவிகள் இன்னும் திரும்பவில்லை.